லிண்டல் மட்டத்தில் நின்ற வீடு

கணக்கு ஆசிரியராகச் சேர்ந்த சில நாளிலேயே ஏதாவது ஒரு பிள்ளை உங்களைக் கேட்டிருக்கும்: "இதெல்லாம் எதுக்கு டீச்சர்? எங்க உதவப் போவுது?" இதுவரை கேட்கவில்லை என்றால் சீக்கிரம் கேட்கும். அதற்கு எப்படியாவது ஒரு பதில் சொல்லிச் சமாளித்துவிடுவீர்கள். எனக்குக் கவலை அது இல்லை. கணக்கு ஒரு பிள்ளைக்கு நிஜமாகவே உதவிவிட்டால் அதன் பிறகு அந்தப் பிள்ளையை என்ன செய்வது? இதை எந்தப் பயிற்சியிலும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் இதை உங்களுக்குச் சொல்கிறேன்.

நான் கடைசியாக வேலை பார்த்தது ஆம்பூரை ஒட்டிய ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. வீடு ஜோலார்பேட்டையில். அப்பா ரயில்வேயில் இருந்தவர். அவரும் அம்மாவும் போன பிறகு நான் மட்டும் அதே ஊரில் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தேன், இன்னும் இருக்கிறேன். காலையில் ஒரு ரயில், மாலையில் ஒரு ரயில். அந்த இரண்டு ரயிலுக்கும் நடுவில்தான் நான் மனிதர்களோடு பேசுவேன். வீட்டுக்கு வந்தால் குக்கர் விசில் சத்தம்தான் பேச்சு. ஒருவேளை அதனால்தான் வகுப்பில் பாடத்தைத் தாண்டிப் பல வேலைகளை இழுத்துப் போட்டுக்கொண்டேனோ என்னவோ.

ஒன்பதாம் வகுப்புக்கு அளவியல் பாடம் வரும்போது ஒரு வேலை கொடுப்பேன். இருபதுக்கு நாற்பது அடி மனை. கையில் எட்டு லட்சம். அதற்குள் ஒரு வீடு கட்ட வேண்டும். படம் வரைந்து, சுவர் நீளம் கணக்கிட்டு, செங்கல், சிமெண்ட், கம்பி, ஜல்லி, கூலி எல்லாவற்றுக்கும் விலை விசாரித்து எழுத வேண்டும். விலையை நான் சொல்ல மாட்டேன். அவர்களே கடையில், அக்கம்பக்கத்தில் கேட்டு வர வேண்டும். ஒரே ஒரு விதி. பணம் எந்த மட்டத்தில் தீர்கிறதோ அந்த மட்டத்தோடு வீடு நின்றுவிடும். கரும்பலகையில் வீட்டை வரைந்து, பணம் தீர்ந்த இடத்தில் சிவப்பு சாக்பீஸால் குறுக்கே கோடு போடுவேன்.

அந்த வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேரின் அம்மாக்கள் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்தவர்கள். அப்பாக்கள் தோல் தொழிற்சாலை, லாரி, கட்டட வேலை. பெரும்பாலும் வாடகை வீடு. ஆகவே வீடு என்றதும் ஆசை கட்டுக்கடங்காமல் ஓடியது. போர்ட்டிகோ, ஊஞ்சல், ஆளுக்கு ஒரு அறை, அறைக்கு ஒரு பாத்ரூம். முதல் வாரத்தில் அநேகமாக எந்த வீட்டுக்கும் கூரை இல்லை. சிவப்புக் கோடு விழும்போதெல்லாம் வகுப்பே "கூரை போச்சு!" என்று கத்தும். சிரிப்பும் கைதட்டலுமாக இருக்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

கோமதி என்று ஒரு பெண். இரண்டாவது பெஞ்சில் ஓரத்தில் உட்காருவாள். அதிகம் பேச மாட்டாள். அவள் வீட்டுக்கு மட்டும் கூரை இருந்தது. சின்ன வீடுதான், ஆனால் முழுசாக முடிந்த வீடு. வகுப்பில் வேறு யாரும் எழுதாத செலவு ஒன்றை அவள் முதல் வரியிலேயே எழுதியிருந்தாள். அஸ்திவாரம்.

"மண்ணுக்குள்ள போறதும் காசுதானே டீச்சர். வெளிய தெரியலன்னா செலவு இல்லன்னு ஆயிடுமா?" என்றாள்.

எனக்கு அன்று முழுக்க மனம் நிறைந்திருந்தது. ரயிலில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

ஆடி மாதக் கடைசியில் ஒரு நாள் மணி அடித்த பிறகும் அவள் போகாமல் நின்றாள். கையில் மடித்த ஒரு தாள்.

"எங்க வீட்டையும் போட்டுப் பாத்தேன் டீச்சர்."

"எந்த வீட்டை?"

"நெஜ வீட்ட. ஆவணி பொறந்ததும் பூஜை போடறாங்க."

அவள் அப்பா ஏழுமலை தோல் தொழிற்சாலையில், தோலைப் பதப்படுத்தும் பெரிய டிரம்மை ஓட்டுபவர். அம்மா செல்வி ஷூ கம்பெனியில் தையல் மெஷினில். இரண்டு பேரும் பல வருடம் சேர்த்து ஊருக்கு வெளியே ஒரு சின்ன மனை வாங்கியிருந்தார்கள். மேஸ்திரி ஒருவர் படம் போட்டுக் கொடுத்திருந்தார். மனையை முழுசாக அடைத்து வீடு, வெளியே மாடிப்படி, மேலே ஓர் அறை. நகையையும் கடனையும் சேர்த்து வரக்கூடிய தொகை என்ன என்பது கோமதிக்குத் தெரிந்திருந்தது. கணக்கின் முடிவில் ஜன்னலுக்கு மேலே, லிண்டல் மட்டத்தில், அவளே சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தாள்.

"எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன், இல்ல டீச்சர்? தப்புன்னு சொல்லுங்க."

நான் உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தேன். தப்பு இருக்க வேண்டும் என்று நானும் விரும்பினேன். கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். ஆனால் கூரைக்குப் பணம் இல்லை என்பது மாறவே இல்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உங்களுக்கும் இந்த நிமிஷம் வரும். பிள்ளை பொய்யைக் கெஞ்சிக் கேட்கும். சொல்லிவிட்டால் அன்றைக்கு நிம்மதியாக வீட்டுக்குப் போகும். நான் சொல்லவில்லை.

"சரியாத்தான் போட்டிருக்க, கோமதி. வீட்ல சொன்னியா?"

"சொன்னேன். நல்ல காரியம் ஆரம்பிக்கப் போறப்ப வாய வைக்காதன்னாரு அப்பா. அம்மா ஒண்ணுமே சொல்லல. எழுந்து சமையல் கட்டுக்குப் போய்ட்டாங்க."

ஆசிரியர் அறையில் பேசிப் பார்த்தேன். குடும்ப விஷயம், நமக்கு எதற்கு என்றார்கள். தலைமை ஆசிரியை, "சிலபஸ முடிங்க டீச்சர். அவங்க வீட்ட அவங்க கட்டிப்பாங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இருந்தாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை கோமதி வீட்டுக்குக் கிளம்பிப் போனேன். பிள்ளைக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு, விடையை மட்டும் அவள் தனியாகச் சுமந்துகொண்டு போகட்டும் என்று விட எனக்கு மனம் வரவில்லை.

வரிசை வீடுகளில் ஒற்றை அறை, பின்னால் தடுத்த ஒரு சமையல் கட்டு. ஏழுமலை எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். செல்வி கடைக்கு ஓடிக் குளிர்பானம் வாங்கி வந்தார்.

"பொண்ணு இன்னா தப்பு பண்ணிச்சு டீச்சர்?"

"ஒரு தப்பும் பண்ணலைங்க. நல்லாக் கணக்குப் போடறா. அவ போட்டத நானும் பாத்தேன். அதான் வந்தேன்."

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. கோமதியை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் என்னிடம் குரல் உயர்த்தவில்லை.

"டீச்சர், நாங்க படிக்காதவங்க. ஆனா நீங்களே ஊர்ல போய்ப் பாருங்க. முழுப் பணத்தையும் கையில வச்சிக்கினு எவன் வீடு ஆரம்பிச்சான்? ஆரம்பிச்சா எங்கிருந்தாவது வரும். ஆரம்பிக்கலன்னா வரவே வராது."

"முதல்ல பாதிய எழுப்பிக் கூரை போட்டுடுங்களேன். மீதிய அப்புறம் பாத்துக்கலாம்."

"அஸ்திவாரம் ஒரேடியாப் போட்டாத்தான் செலவு கம்மின்னு மேஸ்திரி சொல்றாரு. மாடி ரூம் இவளுக்குத்தான் டீச்சர். நான் நாளெல்லாம் தோல் நாத்தத்துல நிக்கறேன். வூட்டுக்கு வந்தா இந்த ஒரே ரூம்ல இவ மூஞ்சிக்கு நேராத்தான் சட்டையக் கழட்டறேன். மேல காத்தோட்டமா உக்காந்து படிக்கட்டும்னுதான்."

கணக்கில் அவர் தவறு. ஆனால் அவர் பேசியது கணக்கே இல்லை.

கிளம்பும்போது, "ஒங்களுக்குச் சொந்த வீடா டீச்சர்?" என்று கேட்டார். குத்திக் காட்டக் கேட்கவில்லை. மரியாதைக்குத்தான் கேட்டார்.

"இல்லைங்க. வாடகைதான்."

"கூட யார் இருக்காங்க?"

"யாரும் இல்லைங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். செல்வி குளிர்பானத்தை இன்னும் கொஞ்சம் ஊற்றினார். கோமதி பேருந்து நிறுத்தம் வரைக்கும் கூட வந்தாள். பேருந்து வந்ததும், "நீங்க வந்ததே போதும் டீச்சர்" என்றாள். போதாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஆவணியில் பூஜை போட்டார்கள். வகுப்புக்குச் சாக்லேட் கொண்டுவந்து கொடுத்தாள். சுவர் மளமளவென்று எழுந்தது. தீபாவளி நெருங்கும்போது வெளிநாட்டு ஆர்டர் குறைந்துவிட்டது என்று செல்வி வேலை பார்த்த கம்பெனியில் ஒரு பிரிவு ஆட்களை நிறுத்தினார்கள். செல்வியும் அதில் போய்விட்டார். அத்தோடு வீடு நின்றது. லிண்டல் போட்டாயிற்று, அதற்கு மேல் ஒரு கல் ஏறவில்லை. அந்த வருடம் நல்ல மழை. கூரை இல்லாத அறைகளில் தண்ணீர் தேங்கி நின்றதாக அந்தப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் சொன்னார்கள்.

கோமதி சொன்ன அதே மட்டம். ஆனால் வீட்டில் யாரும் அவளைச் சரியாகச் சொன்னவள் என்று சொல்லவில்லை. "ஒன் வாய் முகூர்த்தம்தான்" என்று ஏழுமலை ஒருமுறை சொல்லியிருக்கிறார். வேலை போன ஆத்திரத்தில், வட்டி கட்ட வேண்டிய பயத்தில் வந்த வார்த்தை. சொன்னவர் மறந்திருப்பார். அவள் மறக்கவில்லை.

அரையாண்டுத் தேர்வில் கோமதி கணக்குத் தாளை வெறுமையாகக் கொடுத்தாள். பெயரும் எண்ணும் மட்டும் எழுதியிருந்தாள். கூப்பிட்டுக் கேட்டேன்.

"தெரியாம இல்ல டீச்சர். போட வேணாம்னு இருக்குது."

தலைமை ஆசிரியை கொதித்துவிட்டார். "அடுத்த வருஷம் பப்ளிக் எழுத வேண்டிய பொண்ணு. இவளால நம்ம ரிசல்ட் போய்டும். அப்பாவ வரச் சொல்லுங்க." அப்பாவைக் கூப்பிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஏற்கெனவே அவர் கோமதி சொன்னதற்காகக் கோபத்தில் இருந்தார், இப்போது அவள் ஒன்றும் எழுதாமல் விட்டதற்கும் திட்டுவார். கொஞ்சம் பொறுங்கள் என்று தலைமை ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டேன். எத்தனை நாள் என்று கேட்டார். தெரியாது என்றேன். அவருக்கு என் மேல் இருந்த நம்பிக்கை அன்றோடு குறைந்தது. ஓய்வு பெறும் வரைக்கும் அதை நான் திரும்பப் பெறவில்லை.

கோமதிக்குச் சைபர் போட்டேன். திட்டவில்லை, அறிவுரை சொல்லவில்லை. மதியம் அவள் வராந்தா ஓரத்தில் தனியாகச் சாப்பிடுவாள். என் டப்பாவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மறுநாளும் உட்கார்ந்தேன். தனியாகச் சாப்பிட்டுப் பழகிய இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டோம், அவ்வளவுதான். ஒரு நாள் அவளாக என் டப்பாவிலிருந்து கொஞ்சம் புளிக்குழம்பு எடுத்துக்கொண்டாள். எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது.

பொங்கல் முடிந்து ஒரு மாலை. ஆம்பூர் ஸ்டேஷன் பெஞ்சில் ரயிலுக்காக உட்கார்ந்திருந்தேன். செல்வி வந்து நின்றார். என் ரயில் எது என்று மகளிடம் கேட்டு வைத்திருந்தார் போலும்.

"இன்னா டீச்சர் பண்ணீங்க எம்பொண்ண? வீட்ல பேசவே மாட்டேங்குது. கூப்பிட்டா வருது, சாப்பிட்டா எழுந்து போவுது. இவ படிச்சது போதும், நிறுத்திடலாம்னு அவரு சொல்றாரு."

அந்த அம்மா கோபமாகத்தான் வந்திருந்தார். நான் அவரை உட்காரச் சொன்னேன். பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார்.

"வீடு நின்னது தான் சொன்னதாலதான்னு அவ நெனச்சிட்டிருக்கா. இல்லன்னு யாராவது அவளுக்குச் சொல்லணும். நான் சொன்னா எடுபடாது."

செல்வி தண்டவாளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, எனக்குச் சொல்வது போல இல்லாமல், "எனக்கு அப்பவே தெரியும் டீச்சர்" என்றார்.

"எது?"

"பத்தாதுன்னு. அவ சொல்றதுக்கு முன்னாடியே தெரியும். மெஷின்ல உக்காந்து தெச்சிக்கினே மனசுல கூட்டிக் கூட்டிப் பாப்பேன். எப்பிடிப் பாத்தாலும் பத்தல. அவரு ஆசப்பட்டுக் கெடக்கறாரு, நாம ஏன் கெடுக்கணும்னு வாய மூடிக்கினேன். அன்னிக்கு அவ எழுந்து சொன்னா பாருங்க, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அவ மூஞ்சியப் பாக்க முடியாமத்தான் சமையல் கட்டுக்குப் போனேன்."

நான் செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொல்வது என்று நான் யோசிக்கவே தேவையிருக்கவில்லை.

"இத அவகிட்ட சொல்லுங்க."

"எப்பிடி டீச்சர் சொல்றது? அம்மான்னு எதுக்கு இருந்தேன்னு கேட்டா?"

"கேப்பா. கேட்டாலும் சொல்லுங்க."

ரயில் வந்தது. நான் ஏறியதும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரக் கடைசியில் கோமதி, மணி அடித்த பிறகு என் மேஜைக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அம்மாவும் மனசுல போட்டுப் பாத்தாங்களாம் டீச்சர். அப்பவே தெரியுமாம். நேத்து அப்பா எதிர்லயே சொன்னாங்க. அவ மேல பழி போடாத, எனக்கும் தெரியும்னு." அதுவரை நிதானமாகச் சொன்னவள் உடைந்துவிட்டாள். "அப்ப ஏன் டீச்சர் என்ன மட்டும் தனியா விட்டாங்க?"

அம்மாவுக்காகப் பரிந்து பேசலாம், அப்பாவின் ஆசையை விளக்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அவள் கேட்டது விளக்கம் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுது முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தேன். என் ரயில் போய்விட்டது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அப்பா காலையில, இருக்கறத வச்சி இன்னா பண்ண முடியும், போட்டுப் பாருன்னாரு. நான் போடல. திரும்பவும் ஏதாவது தப்பாப் போனா?"

"ரெண்டு பேரும் சேந்து போடலாம். இந்தத் தடவ நீ தனியாப் போட வேணாம்."

அவள் யோசித்தாள். பிறகு பையிலிருந்து ஸ்கேலை எடுத்தாள்.

வேலையில் இறங்கிய பிறகுதான் எனக்கே ஒன்று உறைத்தது. வருடா வருடம் நான் சிவப்புக் கோட்டோடு ஆட்டத்தை முடித்துக்கொண்டிருந்தேன். வகுப்பு சிரிக்கும், அடுத்த வீட்டுக்குப் போய்விடுவோம். ஆனால் நிஜத்தில் கோட்டுக்கு அந்தப் பக்கமும் அந்தக் குடும்பம் எழுந்து, சமைத்து, வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. கணக்கு நிஜமாகத் தேவைப்படுவது அங்கேதான். அடுத்த வருடத்திலிருந்து நான் இரண்டாவது பாடமாக அதைச் சேர்த்தேன்: வீடு பாதியில் நின்றுவிட்டது, கையில் கொஞ்சம் பணம், இனி என்ன?

கோமதியும் நானும் சில மாலைகள் உட்கார்ந்தோம். முன்பக்கம் இரண்டு அறைக்கு மட்டும் சிமெண்ட் ஷீட் கூரை. பின்பக்கச் சுவர் அப்படியே நிற்கட்டும். கழிவறைக்கு முதல் இடம். வரிசை வீட்டு வாடகை மிச்சமானால் அது வட்டிக்கு ஆகும். படத்திலிருந்து மாடிப்படியை அடியோடு எடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன். அவள் தலையாட்டவில்லை.

"எடம் மட்டும் விட்டு வைக்கலாம் டீச்சர். இப்ப அதுக்குச் செலவு ஒண்ணும் இல்லையே."

அவள் சொன்னது சரி. நான் அழித்த இடத்தை அவளே மறுபடி வரைந்தாள்.

வைகாசியில் குடிபோனார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பூசாத சுவர், ஷீட் கூரை, வாசலில் மாவிலை. செல்விக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. சொந்தக்காரர்கள் கூட்டம். எனக்கு மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு, இலையில் பிரியாணி வைத்தார்கள். எல்லோருக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது. தண்ணீர் ஊற்ற ஒருவர், பந்தி கவனிக்க ஒருவர், குழந்தைகளை அதட்ட ஒருவர். எனக்கு வேலை ஒன்றும் இல்லை.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் பின்பக்கம் போனேன். கூரை இல்லாத அந்தப் பின் அறைக்குள் அப்பாவும் மகளும் நின்றுகொண்டிருந்தார்கள். ஏழுமலை புது வேட்டியில் இருந்தார். கோமதி ஒரு குச்சியால் சுவரை அளந்துகொண்டிருந்தாள்.

"வெளிப்பூச்சு முதல்ல முடிச்சிடலாம்டி. பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க?"

"பாக்கறவங்க சொல்லட்டும்ப்பா. மழைக்கு முன்னாடி இங்க கூரை போடணும். பூச்சுக்கு ஜாஸ்தி ஆவும்."

"எவ்ளோ ஆவும்? சொல்லு."

"நேத்துதானே சொன்னேன்."

"நேத்து சொன்னதுல கூலி சேக்கல நீ."

"சேத்தேன்."

"சேக்கல."

"சேத்தேன்ப்பா! வேணும்னா இப்பவே போட்டுக் காட்றேன், நில்லு."

இரண்டு பேரும் குரல் உயர்த்திச் சண்டை போட்டார்கள். செல்வி அடுக்களையிலிருந்தே, "அவ சேத்துட்டா, நான் பாத்தேன்" என்று கத்தினார். யாரும் என்னைப் பார்க்கவில்லை. போய்வருகிறேன் என்று சொல்லத்தான் அங்கே நின்றேன். குறுக்கே பேசினால் சண்டை நின்றுவிடும், மரியாதை ஆரம்பித்துவிடும் என்று தோன்றியது. செருப்பைப் போட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன்.

பிள்ளைகளே, உங்களை அப்படித்தான் அழைக்கத் தோன்றுகிறது. நம் வேலை சரியாக முடிந்த இடத்தில் பெரும்பாலும் நம்மை யாரும் தேட மாட்டார்கள். அன்று ஜோலார்பேட்டைக்கு வந்து கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, வெறும் அறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் அங்கே இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்ததும், எழுந்து ஒரு டம்ளர் அரிசி களைந்து உலை வைத்தேன்.